சப்நெட்டிங்

சப்நெட்டிங் என்பது ஒதுக்கப்பட்ட ஓர் ஐபி முகவரித் தொகுதியை, ரவுட்டர்களால் இணைக்கப்படும் சிறு வலையமைப்புகளாகப் பகுக்கும் முறையாகும். 1981இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு ஐபி முகவரி 32 பிட் நீளமுடையது. அதன் முற்பகுதி வலையமைப்பையும் பிற்பகுதி அதிலுள்ள கருவியையும் குறிக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையை சப்நெட் மாஸ்க் என்னும் மற்றொரு 32 பிட் எண் காட்டுகிறது. ஒரே வளாகத்தில் பெருகிய உள்வலைகள் ஒவ்வொன்றுக்கும் தனி வலையமைப்பு எண் வழங்குவது ரவுட்டிங் அட்டவணைகளை வீங்கச் செய்ததால், 1985இல் இம்முறை தரப்படுத்தப்பட்டது. ஏ, பி, சி என்ற நிலையான முகவரி வகுப்புகளை 1993இல் வந்த வகுப்பிலா முறை கைவிட்டது.

வலையமைப்புக் கருவி நிறுவனமான சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ்த் தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்பதால், மாணவர் ஒரு முகவரியின் சப்நெட்டைக் கண்டறியும் கணக்கை மனத்தாலேயே செய்யப் பழக வேண்டியுள்ளது. 192.168.10.77/26 என்ற முகவரியில் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண், முதல் 26 பிட்கள் வலையமைப்புக்குரியவை என்பதையும், எனவே மாஸ்க் 255.255.255.192 என்பதையும் உணர்த்துகிறது. 256இலிருந்து 192ஐக் கழித்தால் கிடைக்கும் 64 தொகுதியின் அளவாதலால், எல்லைகள் 0, 64, 128, 192 என அமைகின்றன. 77 இரண்டாம் தொகுதியில் விழுகிறது. அதன் வலையமைப்பு முகவரி 192.168.10.64, அனைத்துக் கருவிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 192.168.10.127. இவ்விரண்டும் நீங்க 62 முகவரிகள் எஞ்சும். மனப்பாடமாகக் கற்ற சூத்திரத்தைவிட, பிட்களை ஒருமுறை எழுதிப் பார்ப்பதே இதில் நிலையான பயனளிக்கிறது. இரு ரவுட்டர்களை நேரடியாக இணைக்கும் /31 தொகுதியில் மட்டும் எதையும் கழிக்காமல் இரு முகவரிகளையும் பயன்படுத்தலாம்.