196-ம் மைனஸ் 60-ம் ஒன்றுதான்: வைஃபை சிக்னல் எண்ணின் கதை

இந்த எபிசோட் ஒரே ஒரு எண்ணைப் பற்றி. ஒரே மேசையில் ரெண்டு லேப்டாப் இருக்கு. ஒன்றில் வைஃபை சிக்னல் 60 சதவீதம், இன்னொன்றில் 90. முதல் லேப்டாப்போட கார்டு மட்டம்னு உடனே முடிவு கட்டிடுவோம். அந்த முடிவு நியாயமா?

1997-ல் வந்த 802.11 தரநிலையில் ஆர்எஸ்எஸ்ஐ என்று ஓர் அளவு உண்டு. ஒரு பைட்டுக்குள் அடங்கணும், வருகிற ரேடியோ சக்தி கூடினால் எண்ணும் கூடணும். நிபந்தனை அவ்வளவுதான். உச்ச எண் எவ்வளவு, ஒரு படிக்கு எத்தனை டெசிபல் என்பதெல்லாம் சிப் செய்பவர் இஷ்டம். சிஸ்கோ 100 வரை எண்ணியது, ஏதரோஸ் 60 வரை. ஏன் இப்படி விட்டாங்க? அந்த எண்ணைச் சிப் தன்னோட பழைய எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும் என்பதுதான் நோக்கம். அடுத்தவன் கார்டோடு ஒப்பிட அது பிறக்கவே இல்லை.

இந்தக் குழப்பம் லினக்ஸுக்குள்ளும் வந்தது. 1996-லிருந்து ஹெச்பியின் ஆதரவில் ழான் டூரில் உருவாக்கிய வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸில், சிக்னலுக்கு ஒதுக்கிய இடம் ஒரு பைட். அதில் மைனஸ் குறிக்கு இடமில்லை. அதனால் மைனஸ் 60 டிபிஎம், அதாவது ஒரு நானோவாட், 256-லிருந்து 60 போக 196 என்று உட்காரும். விஷயம் தெரிந்த புரோகிராம் 256-ஐக் கழித்துக்கொள்ளும். தெரியாதது 196 என்றே காட்டும். இது டிபிஎம்தான் என்று சொல்ல ஒரு தனி அடையாளம் பிறகுதான் சேர்ந்தது.

ஏதரோஸ் கதை இன்னும் சுவாரசியம். அந்தச் சிப் தந்தது, இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கு என்பதை. மேட்வைஃபை டிரைவர் ஆரம்பத்தில் இரைச்சலை மைனஸ் 95 என்று நிலையாக வைத்துக்கொண்டது. சிப் 35 என்றால் விடை மைனஸ் 60. ஆனால் அந்த இடத்தில் உண்மையான இரைச்சல் மைனஸ் 90-ஆக இருந்தால் சிக்னல் மைனஸ் 55. வித்தியாசம் 5 டெசிபல்தானே என்று தோணும். சக்தியில் அது மூன்று மடங்குக்கும் மேல்.

2007-ல் மேக்80211 என்ற பொதுக் கட்டமைப்பு லினக்ஸ் 2.6.22-ல் நுழைந்தது. அடுத்த வருஷமே அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வேலை நடந்தது. ஒவ்வொரு டிரைவரும் தன் சிக்னல் எண் எந்த அலகில் இருக்கு என்று அறிவிக்கணும். டிபிஎம் என்றால் அதற்கு ஒரு அடையாளம். அலகு தெரியாது என்றால், அதற்கும் ஒரு அடையாளம். தெரியாததை ஊகித்து ஒப்பேற்றாமல், தெரியாது என்று கோடிலேயே எழுத இடம் கொடுத்தாங்க.

ஆனா பழைய கருவிகளுக்கும் சோறு போடணுமே. அதற்காக கர்னல் டிபிஎம்மோடு 110-ஐக் கூட்டி, 70-க்கு இத்தனை என்று தருகிறது. மைனஸ் 40-க்கு மேல் எது வந்தாலும் 70-தான். ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும், கொஞ்சம் தள்ளிப் போனாலும் அதே முழு மார்க்.

அதனால், புதுக் கார்டு வாங்க பர்ஸை எடுக்கும் முன், ரெண்டு லேப்டாப்பிலும் சதவீதத்தை விட்டுட்டு டிபிஎம்மைப் பாருங்க. அதிலும் சில டெசிபல் வித்தியாசத்தைப் பெருசா எடுத்துக்காதீங்க. சிப்புக்குச் சிப் அளவீடு கொஞ்சம் மாறும். ஒரே கார்டோடு அறை அறையாக நடந்து பார்த்து, எண் எங்கே சரியுதுன்னு கவனிங்க. அந்த எண் உருவானதே அந்த வேலைக்குத்தான்.