மேசை வட்டரம்பம்

மேசை வட்டரம்பம் என்பது மரத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அறுக்கும் இயந்திரம். தட்டையான இரும்பு மேசையின் நடுவே உள்ள பிளவின் வழியாக, சுழலும் வட்டரம்பத்தின் மேற்பகுதி மட்டும் வெளியே நிற்கும். கைரம்பத்தில் மரம் அசையாமல் இருக்க ரம்பம் நகரும். இதில் ரம்பம் ஒரே இடத்தில் சுழல, தச்சர் மரத்தைத் தள்ளுகிறார். இந்த மாற்றமே அதன் துல்லியத்துக்கும் காரணம், அதில் நேரும் விபத்துகளுக்கும் காரணம்.

கையால் அறுத்த காலம்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7ஆம் நாள் 5 தேர்கள் வலம் வருகின்றன. இத்தகைய தேர்களுக்கான பெருமரங்கள் ஒரு காலத்தில் முழுக்கக் கையாலேயே அறுக்கப்பட்டன. அடிமரத்தைக் குழியின் மேல் கிடத்தியோ முட்டுக்கொடுத்து உயர்த்தியோ வைத்து, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நீண்ட ரம்பத்தை இழுப்பார்கள். கோடு பிசகாமல் பார்ப்பது மேலே நிற்பவர் வேலை. மரத்தூளைக் கண்ணில் வாங்குவது கீழே நிற்பவர் பங்கு. ஒரே தடிமனில் பத்துப் பலகை எடுப்பது அந்த இருவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

வட்டரம்பத்தின் தொடக்கம்

இங்கிலாந்தின் சவுத்தாம்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777இல் பெற்ற காப்புரிமையில் வட்டரம்பம் குறிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த டபிதா பாபிட் 1813இல் அதைக் கண்டுபிடித்தார் என்ற கதை இணையத்தில் பரவலாக உள்ளது. அவர் தாமாகவே அதை எண்ணியிருக்கலாம், ஆனால் முதலாமவர் என்பது ஆண்டுக்கணக்கிலேயே பொருந்தவில்லை. 1800களின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில், மார்க் பிரூனல் வடிவமைத்த கப்பி செய்யும் ஆலையிலும் வட்டரம்பங்கள் ஓடின. பெரிய அறுவை ஆலைகள் பின்னர் இந்தியப் பகுதிகளுக்கும் வந்தன. அந்தமானின் சாத்தம் தீவில் 1883இல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலை அவற்றுள் புகழ்பெற்றது.

யூனிசா

ஆலை இயந்திரம் சிறு பட்டறைக்குள் நுழைந்ததற்கு மின்மோட்டாரே காரணம். பழைய மேசை ரம்பங்களுள் இன்றும் தேடி வாங்கப்படுவது, அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்த டெல்டா நிறுவனம் 1939இல் வெளியிட்ட 'யூனிசா'. அதற்கு முந்தைய பல இயந்திரங்களில் சாய்வாக அறுக்க வேண்டுமானால் மேசையையே சாய்க்க வேண்டும். கனமான பலகை சரிந்த மேசையில் வழுக்கும். யூனிசாவில் மேசை சமமாகவே இருக்க, உள்ளிருக்கும் ரம்பம் சாய்ந்தது. ஒரு கைச்சக்கரம் ரம்பத்தை ஏற்றி இறக்கும், மற்றொன்று சாய்க்கும். மோட்டார் பெட்டிக்குள் மறைந்திருக்கும். மூன்று வி-பெல்ட்டுகள் அதன் விசையை ரம்பத்தின் அச்சுக்குக் கடத்தும். வார்ப்பிரும்பின் எடை அதிர்வைக் குறைத்ததால் வெட்டு வழவழப்பாக வந்தது.

10 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், அதன் பல்முனை மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசைமேல் அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் உள்ளழுத்தத்தால் மீண்டும் இறுகி அந்தப் பின்பற்களைப் பிடித்துக்கொண்டால், பலகை தூக்கி எறியப்பட்டுத் தச்சர்மேல் பாயும். தள்ளிக்கொண்டிருந்த கை அந்த நொடியில் ரம்பத்தின்மேல் விழக்கூடும்.

இதைத் தடுக்கும் வழி எளியது. ரம்பத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய எஃகுத் தகடு நின்றால் வெட்டு மூடிக்கொள்ளாது. பிரிட்டன் 1922ஆம் ஆண்டின் மரவேலை இயந்திர விதிகளிலேயே இத்தகட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவிலோ ரம்பத்துடன் சேர்ந்து ஏறி இறங்கும் தகடு புதிய இயந்திரங்களில் பொதுவழக்கானது 2000களின் இறுதியில்தான். கோணத்தைக் கச்சிதமாக்கப் பெரிதும் உழைத்தவர்கள் விரலைக் காப்பதில் இத்தனை தாமதித்தது வியப்பே. ஸ்டீவ் காஸ் 1999இல் உருவாக்கத் தொடங்கிய 'சாஸ்டாப்' முறை வேறுவகை. தோல் பட்டதை மின்சாரத்தால் உணர்ந்து, சுமார் 5 மில்லிநொடியில் ரம்பத்தை நிறுத்திவிடும்.

தமிழகத்தில்

பைக்காராவில் 1932இலும் மேட்டூரில் 1937இலும் நீர்மின் உற்பத்தி தொடங்கியபின், மின்சாரம் படிப்படியாகச் சிற்றூர்களை எட்டியது. ஊர்ப் பட்டறைகளில் பரவியது யூனிசா அல்ல, உள்நாட்டில் செய்த கூட்டு இயந்திரம். ஒரே அச்சில் இழைக்கும் கத்தியும் அதன் முனையில் வட்டரம்பமும் இருக்கும். மோட்டார் தனியே தரையில் நிற்க, பெல்ட் பெரும்பாலும் திறந்தே ஓடும். வாசற்கால், ஜன்னல் சட்டம், கட்டில் எல்லாம் அதில்தான். பின்தகடு உள்ள இயந்திரத்தைக் காண்பது அரிது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. ஆனால் அச்சட்டத்தின்படி, மின்விசை உள்ள இடத்தில் பொதுவாக 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. ஆசாரியும் மகனும் ஓர் உதவியாளரும் மட்டும் இருக்கும் பட்டறை அந்தக் கணக்கில் வரவில்லை.

பழைய மேசை ரம்பம் வாங்குவோர் அச்சின் பேரிங்கில் ஆட்டம் உள்ளதா, வழிகாட்டும் சட்டம் ரம்பத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பின்தகடு பொருத்த இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையெனில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து பொருத்திக்கொள்ளலாம். தகடு ரம்பத்தின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும், பற்கள் அறுக்கும் வெட்டின் அகலத்தைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும்.