எடின்பரோவின் ஏழு மாணவியர்



1869-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, மருத்துவம் பயில இடம் வேண்டி எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 29. பிரித்தானியப் பல்கலைக்கழகம் எதுவும் அதுவரை பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொண்டதில்லை. மருத்துவத் துறையினர் இசைந்தனர். பேராசிரியர் பேரவையும் இசைந்தது. ஆட்சிமன்றமோ, ஒரேயொரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடுகள் செய்ய இயலாது என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது.

அந்த மறுப்பை அவர் எவ்விதம் வாசித்தார் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். ஒருத்தி என்பதுதானே தடை? அப்படியானால் பலராய் வருவோம் என்று எண்ணினார். ஸ்காட்ஸ்மன் முதலிய செய்தித்தாள்களில் அறிவிப்புக் கொடுத்துத் துணை தேடினார். அவ்வாண்டு நடந்த நுழைவுத் தேர்வை எழுதிய 152 பேரில் பெண்கள் ஐவர். முதல் ஏழு இடங்களில் நான்கினை அவர்களே பெற்றனர். பின்னர் மேலும் இருவர் சேர, எழுவராயினர்.

இவ்விடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பல்கலைக்கழகம் வகுத்த விதியைப் பாருங்கள். பெண்கள் மருத்துவம் பயிலலாம். ஆயின் ஆண்களோடு ஒரே வகுப்பில் அமரக் கூடாது. பேராசிரியர்கள் அவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தலாம். 'நடத்தலாம்' என்று இருந்ததேயன்றி, 'நடத்த வேண்டும்' என்று இல்லை! மனமுள்ள ஆசிரியரைத் தேடிப் பிடிப்பதும், சிறு வகுப்புக்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்துவதும் மாணவியரின் பொறுப்பாயின. அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது.

அவர்களுள் ஈடித் பீச்சி என்பவர் முன்னர் ஆசிரியப் பணி செய்தவர். 1870-இல் வேதியியல் தேர்வில், அப்பாடத்தை முதன்முறையாகப் பயின்றவர்களுள் அவரே முதலிடம் பெற்றார். அவ்வாறு சிறந்து தேறுவோருக்கு ஆய்வுக்கூடத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் ஹோப் உதவித்தொகை உரியது. பேராசிரியர் அதனை அவருக்குக் கொடுக்கவில்லை. அவருக்குக் கீழே தேறிய ஆண்களுக்குக் கொடுத்தார். காரணம் என்ன தெரியுமா? மாணவியர் தனி வகுப்பில் பயின்றவர்களாம். ஆகவே அவர்களைப் பொது வகுப்பைச் சேர்ந்தவர்களாகக் கருத முடியாதாம். தனி வகுப்பை அவர்களா கேட்டார்கள்? எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் இந்த வாதம் எனக்கு வியப்பளிக்கிறது. அந்த உதவித்தொகைக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பல்லாண்டுகளுக்கு முன் பேராசிரியர் ஹோப் சீமாட்டிகளுக்கென்று நிகழ்த்திய சொற்பொழிவுகளின் கட்டணத்திலிருந்தே அந்த நிதி உண்டாயிற்று.

1870 நவம்பர் 18 அன்று, உடற்கூற்றியல் தேர்வெழுதச் சர்ஜன்ஸ் ஹால் மண்டபத்திற்கு அவர்கள் சென்றபோது, வாயிலில் ஒரு கும்பல் வழிமறித்தது. சேற்றை வாரி எறிந்தனர், வசைமொழிந்தனர், கதவை முகத்திற்கு நேரே அறைந்து சாத்தினர். மாணவியர் ஒருவாறு உள்ளே சென்று எழுதிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆட்டையும் தேர்வறைக்குள் தள்ளிவிட்டனர். ஆசிரியர் ஹேண்டிசைட், ஆடு இருந்துவிட்டுப் போகட்டும், வெளியே நிற்பவர்களைவிட அதற்கு அறிவு மிகுதி என்றாராம். தேர்வு நடந்து முடிந்தது.

அக்கலகத்தின் தலைவன் இன்ன பேராசிரியரின் உதவியாளன் என்று ஜெக்ஸ்-பிளேக் வெளிப்படையாகப் பேசினார். அதனால் அவதூறு வழக்கும் வந்தது. நடுவர் குழு அவர் செலுத்த வேண்டிய இழப்பீடாக விதித்தது ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி! வழக்குச் செலவோ 900 பவுண்டைத் தாண்டியது; ஆதரவாளர்கள் பணம் திரட்டி அதைத் தீர்த்தனர். அவருடைய துடுக்கான பேச்சு சில வேளைகளில் நண்பர்களையும் சங்கடப்படுத்தியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1873-இல் ஸ்காத்லாந்தின் உயர்நீதிமன்றம், பெண்களுக்குப் பட்டம் தரும் கடமை பல்கலைக்கழகத்திற்கு இல்லை என்றது. அதுமட்டுமன்று, அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரமே அதற்கு இருந்ததில்லை என்றும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. எழுவரில் ஒருவரும் எடின்பரோவில் பட்டம் பெறவில்லை.

ஜெக்ஸ்-பிளேக் ஓய்ந்துவிடவில்லை. 1874-இல் இலண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க அவரே முன்னின்றார். 1876-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, பெண்களுக்கு உரிமம் வழங்கத் தேர்வு நிறுவனங்களுக்கு அனுமதியளித்தது. (இங்கும் அனுமதிதான், கட்டாயமில்லை.) டப்ளின் மருத்துவர் கல்லூரி முன்வர, ஜெக்ஸ்-பிளேக்கும் பீச்சியும் 1877-இல் பதிவுபெற்ற மருத்துவராயினர்.

உதவித்தொகை மறுக்கப்பட்ட அந்தப் பீச்சி 1883-இல் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்தார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான காமா மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். குழந்தைப் பருவத்தில் மணமுடிக்கப்பட்டு, கணவனோடு வாழ மறுத்து நீதிமன்றம் வரை நின்ற ருக்மாபாய் என்னும் பெண் மருத்துவம் பயில விரும்பியபோது, ஊக்கமூட்டி உதவியவர்களுள் அவரும் ஒருவர். ருக்மாபாய் சென்று படித்தது இலண்டனில் ஜெக்ஸ்-பிளேக் தொடங்கிய அதே பள்ளியில். பின்னர் அவர் சூரத்தில் நெடுங்காலம் மருத்துவப் பணி செய்தார்.

எடின்பரோ பல்கலைக்கழகம் 1894-இல் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்க இசைந்தது. அந்த எழுவருக்கும் 2019 ஜூலை 6 அன்று மதிப்புறு பட்டங்களை அளித்தது. அங்கே அப்போது மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மாணவியர் எழுவர், மேடையேறி அவர்கள் சார்பில் அவற்றைப் பெற்றுக்கொண்டனர்.