வீக் எண்ட் வந்த வழி

வெள்ளிக்கிழமை மாலையானால் போதும், ஆபீஸ் சிப்பந்தி முதல் கல்லூரி மாணவன் வரை எல்லோர் வாயிலும் 'வீக் எண்ட்' என்ற சொல் புரள்கிறது. இங்கிலீஷ்காரர்கள் ஆதிகாலம் முதலே இப்படித்தான் பேசினார்கள் என்று எண்ணத் தோன்றும். அப்படியல்ல. 1879-ல்கூட 'நோட்ஸ் அண்ட் க்வெரீஸ்' என்ற பத்திரிகையில் ஒருவர், ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கத்து வழக்கு என்று சொல்லி, இதற்கு அர்த்தம் விளக்க வேண்டியிருந்தது!

அதற்கு முன்னால் உழைப்பாளிக்கு ஓய்வே இல்லையா? இருந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு திங்கட்கிழமையையும் அவனே எடுத்துக்கொண்டான். செருப்புத் தைப்பவர், நெசவாளர், தையற்காரர் எல்லாம் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வரும். ஞாயிறு குடியில் கழியும். திங்களன்று எஜமானன் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு வழி பார்ப்பான்; ஒருவனும் வரமாட்டான். கேட்டால் 'செயிண்ட் மண்டே' என்பார்கள். கிறிஸ்தவப் பஞ்சாங்கத்தில் புனிதர்களுக்கெல்லாம் திருநாள் உண்டு. இந்த மண்டே மகானை மட்டும் எந்தப் போப்பாண்டவரும் அறியார்! 'ஹாலிடே' என்ற சொல்லே 'புனித நாள்' என்பதிலிருந்து வந்ததுதானே? லீவு வேண்டுமானால் ஒரு மகான் வேண்டும். இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1720-களில், வாலிப வயதில், லண்டன் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தார். கூட இருந்தவர்கள் பீர் குடிக்க, இவர் பச்சைத் தண்ணீர் குடித்தார். ஒரு திங்கட்கிழமைகூட மட்டம் போடாததால் முதலாளிக்குத் தம்மைப் பிடித்துப்போயிற்று என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மற்றத் தொழிலாளிகளுக்குப் பிடித்ததா என்பது வேறு விஷயம்.

மண்டே மகானைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தத் தொழிலாளியின் மனைவியை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கூலி திங்களன்று குடிக்கடையில் கரைந்தால், செவ்வாயன்று அவள் அடுப்பில் எதை ஏற்றுவாள்? விட்ட நாளை ஈடுகட்ட, வாரக் கடைசியில் விளக்கு வைத்துக்கொண்டு வேலை. அதில் குழந்தைகளும் கூடமாட உட்கார வேண்டும்.

பிறகு நீராவி இயந்திரம் வந்தது. அதற்கு எந்த மகானையும் தெரியாது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம், ஜவுளி ஆலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் போனபின் ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆலையை ஓட்ட முடியுமா? மற்றத் தொழில்களிலும் முதலாளிகள் மெல்ல இறங்கி வந்தார்கள். சும்மா அல்ல. 'சனிக்கிழமை அரைநாள் தருகிறோம், திங்கட்கிழமை ஒழுங்காக வா' என்பதுதான் பேரம். முழுநாளைக் கொடுத்து அரைநாளை வாங்குவதா, நஷ்ட வியாபாரம் என்று செருப்புத் தைப்பவன் முணுமுணுத்திருப்பான். அவன் மனைவி முணுமுணுத்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

அந்த அரைநாளில்தான் கால்பந்துப் பந்தயமும் ரயில் உல்லாசப் பயணமும் செழித்தன. 'வீக் எண்ட்' என்ற பேச்சும் பரவியது. சீமான்கள் மட்டும் அந்தச் சொல்லை மட்டமாக நினைத்தார்கள். கிராமத்து மாளிகையில் விருந்தென்றால் அவர்களுக்கு அது 'சாட்டர்டே டு மண்டே'. வாரம் முழுவதும் உழைக்கிறவனுக்குத்தானே வாரத்துக்கு ஒரு முடிவு உண்டு!

சனிக்கிழமை முழுவதும் ஓய்வு என்பது இன்னும் பிந்தியது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1926-ல் தம் தொழிற்சாலைகளில் ஐந்து நாள் வாரத்தை அமல் செய்தார். ஓய்வு இருந்தால்தான் ஜனங்கள் சாமான் வாங்குவார்கள், கார் உட்பட, என்பது அவர் கணக்கு. அமெரிக்கர்கள் இன்று 'ஆன் தி வீக் எண்ட்' என்கிறார்கள். பிரிட்டிஷார் 'அட் தி வீக் எண்ட்' என்கிறார்கள். இரண்டும் சரிதான். பழைய அச்சில் இரு சொற்களுக்கும் நடுவே இருந்த சிறு கோடுதான் எங்கோ உதிர்ந்துபோயிற்று.