கல்லில் வைத்த தாய் நினைவு

வீட்டில் மூத்த பெண்மணி ஒருவர் மறைந்தபின் நாம் என்ன செய்கிறோம்? படத்துக்கு மாலையிடுகிறோம், ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம், பிறக்கும் பேத்திக்கு அவர் பெயரை வைக்கிறோம். மூன்று தலைமுறை கடந்தால் முகம் மறந்துபோகிறது. பெயராவது நிற்குமா என்பது ஐயமே. இந்த மறதிக்கு அரச குடும்பங்களும் விலக்கல்ல. சோழர் குடும்பம் தன் தாயரையும் பாட்டியரையும் மறவாதிருக்க என்ன செய்தது என்பதைக் கல்வெட்டுகளைக் கொண்டு அறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செம்பியன் மாதேவியார். மழவரையர் குடியில் பிறந்தவர், முதற் பராந்தகரின் மகன் கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டவர், உத்தமசோழரைப் பெற்றவர். 957ஐ ஒட்டிக் கணவர் மறைந்தார். மகன் அப்போது சிறுபிள்ளை. அரசு கணவரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அவர் மகன் சுந்தரசோழருக்கும் சென்றது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மையார் வாழ்ந்தார். செங்கல் தளிகளாக இருந்த பழங்கோயில்களைக் கற்றளிகளாக மாற்றும் பணியில் அந்த ஆண்டுகள் கழிந்தன. திருநல்லம், திருமுதுகுன்றம், தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி, ஆரூர் அரநெறி என அப்பட்டியல் நீளும்.

இப்பணிகளுள் இரண்டு நம் பொருளுக்கு நெருக்கமானவை. திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரத்துக் கோயிலை அவர் தம் கணவரின் பெயரால் எழுப்பினார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் ஒன்று அங்குண்டு. தொழுது நிற்பவர் இன்னார் என்று கல்வெட்டும் அருகிலேயே சொல்கிறது. கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தன் என்ற கலைஞரின் பெயரும் அங்கே இடம்பெற்றுள்ளது. கணவரை நினைந்து எடுத்த கோயிலில் சிற்பியையும் மறவாமை நாம் போற்றத்தக்கது.

திருக்கோடிகாவில் நடந்தது இதனினும் பெரிது. பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுத்தபோது, பழங்கற்களில் இருந்த கொடைச் செய்திகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டச் செய்தார். அவற்றில் பல, அவர் பிறப்பதற்கும் முன்னர் யாரோ வைத்த விளக்குகள், யாரோ அளித்த பொன். கோயிலைப் புதுப்பிப்போர் பழைய எழுத்துகளை அழித்துவிடுவதை இந்நூற்றாண்டிலும் காண்கிறோம். பத்தாம் நூற்றாண்டுப் பெண்மணி ஒருவர் முன்பின் அறியாதவர்களின் நினைவையும் காத்திருக்கிறார்.

அத்தகையவரை அவர் குடும்பம் எவ்வாறு நினைத்தது? வாழ்நாளிலேயே அதற்குத் தொடக்கம் அமைந்துவிட்டது. இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் ஊர் அவர் பெயரால் செம்பியன் மாதேவிச் சதுர்வேதிமங்கலமாகி, அங்குள்ள கயிலாசநாதர் கோயிலும் கற்றளியாயிற்று. உத்தமசோழரின் தேவியர் பலர் அக்கோயிலுக்கு அறக்கொடைகள் அளித்தனர். தம் மாமியாரின் பிறந்த நாள்மீனான கேட்டையன்று சிறப்பு வழிபாடு நிகழ அக்கொடைகளுள் சில வழிசெய்தன. மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள் ஒன்றுகூடி ஏற்பாடு செய்த செய்தியைக் கல்வெட்டில் படிக்கும்போது, அந்த அரண்மனை சற்றே நம் வீடுபோல் தோன்றுகிறது.

அம்மையாரின் மறுகிளை உறவுகளையும் இங்கே கருத வேண்டும். சுந்தரசோழர் மறைந்தபோது அவர் தேவி வானவன்மாதேவி உடன் உயிர் துறந்ததாகத் திருக்கோவலூர் வீரட்டானக் கல்வெட்டு கூறுகிறது. குந்தவையாரும் இராசராசரும் தந்தையையும் தாயையும் சேர்த்தே இழந்தனர். அதே தலைமுறைக்கும் முந்தைய பெரிய பாட்டியோ, கைம்பெண்ணாகவே பல்லாண்டு வாழ்ந்து, இராசராசர் ஆட்சியிலும் அறப்பணி தொடர்ந்தார். பிள்ளைகளை அவரே வளர்த்தார் என்பது புதினங்கள் விரும்பும் செய்தி. கல்வெட்டு அதனைச் சொல்லவில்லை. ஆயினும் இராசராசரின் தொடக்க ஆண்டுகளில் அக்குடும்பத்தின் மூத்த பெண்மணியாக அவரே இருந்தார் என்பதில் ஐயமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவையார் தம் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனிகள் செய்தளித்ததையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

1001ஐ ஒட்டிச் செம்பியன் மாதேவியார் மறைந்திருக்க வேண்டும். அவர் மகன் உத்தமசோழர் 985இலேயே காலமாகிவிட்டார். அரசு மறுகிளைக்கு மாறி, இராசராசரைக் கடந்து இராசேந்திரரிடம் வந்துவிட்டது. இனி அவரை நினைக்கவேண்டிய அரசியல் தேவை எதுவும் இல்லை. எனினும் 1019இல், இராசேந்திரர் காலத்தில், செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அவருடைய திருமேனி நிறுவப்பட்டு வழிபாட்டுக்கு வழி செய்யப்பட்டது. இராசேந்திரருக்கு அவர் தந்தைவழிப் பாட்டனாருடைய பெரிய தாயார். மறைந்து ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்துச் செய்த நினைவு இது.

அதே ஆண்டை ஒட்டி இராசேந்திரர் இன்னொரு தாயையும் நினைத்தார். பழையாறையில், இன்று பட்டீசுவரத்துக்கு அருகில் இராமநாதன் கோயில் என வழங்கும் இடத்தில், பஞ்சவன்மாதேவீச்சுரம் எழுந்தது. பள்ளிப்படை என்பது மறைந்தவரின் நினைவாக எடுக்கும் கோயில். தொண்டைமானாற்றூரில் ஆதித்தருக்கும், மேல்பாடியில் அரிஞ்சயருக்கும் எடுக்கப்பட்டவை புகழ்பெற்றவை. பழையாறையிலோ ஓர் அரசிக்கு அச்சிறப்பு வாய்த்தது. பஞ்சவன்மாதேவி இராசராசரின் தேவியருள் ஒருவர். இராசேந்திரரை ஈன்றவர் அல்லர். ஈன்ற தாய் வானவன்மாதேவி என்னும் திரிபுவனமாதேவி. சிற்றன்னை பிள்ளைப்பேற்றையே துறந்தார் என்றெல்லாம் வழங்கும் கதைகளுக்குச் சான்றில்லை. அவை இல்லாமலும் அக்கோயில் சொல்லவேண்டியதைச் சொல்கிறது. பேரரசர் ஒருவர் தம்மைப் பெறாத தாய்க்குப் பள்ளிப்படை எடுத்தார் என்பதே போதுமான செய்தி.

இவ்விரண்டு நினைவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இராசேந்திரர் நினைத்த இவ்விரு பெண்களும் குருதி வழியில் அவருக்குத் தாயோ பாட்டியோ அல்லர். நம் மொழியில் பெரியம்மா, சின்னம்மா, பெரிய பாட்டி என்று அம்மா என்னும் சொல்லை விடாமல் அழைக்கும் வழக்கு வெறும் மரியாதைக்காக எழுந்ததன்று. கூட்டுக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குப் பல மடிகள் உண்டு. கடனும் அவை அனைத்துக்கும் உண்டு.

அக்கடனைத் தீர்த்த முறையும் எண்ணத்தக்கது. கல்வெட்டுகளில் கண்ணீர் இல்லை, அன்புரைகளும் அரிது. நெல் இத்தனை, பொன் இத்தனை, எண்ணெய் இத்தனை, செய்வோர் இன்னார் என்றே அவை பேசுகின்றன. முதற்பார்வைக்கு இது வறண்ட கணக்காகத் தோன்றும். ஆனால் துயரம் ஆறிவிடும், பேரப்பிள்ளைகள் ஊர் மாறிவிடுவர் என்பதை அறிந்தவர்கள் எழுதிய கணக்கு அது. நாள்தோறும் யாரோ ஒருவர் அரிசி அளக்கவும் திரி தூண்டவும் கடமைப்பட்டிருந்தால், அவர் அழாவிட்டாலும் நினைவு நிற்கும்.

முழுவதும் நின்றதா என்றால், இல்லை. பஞ்சவன்மாதேவியின் பெயர் மக்கள் வழக்கில் மறைந்து கல்வெட்டில் மட்டுமே எஞ்சியது. செம்பியன் மாதேவியார் எனப் பலரும் கருதும் செப்புத் திருமேனி ஒன்று 1929இல் வாசிங்டன் பிரீர் காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அது உமையம்மையே என்பாரும் உளர். செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலுக்கு உரியது அது என்று தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. உமையா அரசியா என்னும் வழக்கு எவ்வாறு முடியினும், அத்திருமேனியைத் தங்கள் அம்மையாகக் கேட்க ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூரில் சித்திரைக் கேட்டையன்று இன்றும் அவருக்கு விழா எடுக்கிறார்கள். அங்கே கூடுவோர் அவருடைய வழித்தோன்றல்கள் அல்லர். திருக்கோடிகாவில் அவர் பெயர் காத்துக் கொடுத்தவர்களும் அவருடைய உறவினர் அல்லரே.