கறுப்புத் தங்கத்தின் ஊர் - ஓரோ பிரேத்தோ

பிரேசில் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது கால்பந்து, அமேசான் காடு, ரியோ கடற்கரை. இன்னும் கொஞ்சம் யோசித்தால் முந்திரி (அந்த மரத்தைப் போர்த்துகீசியர்கள் அங்கிருந்துதான் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள்!). ஆனால் கடலை விட்டுத் தள்ளி, மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்து மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கும் வருடம் முழுக்கக் கூட்டம் வருகிறது. அதுதான் ஓரோ பிரேத்தோ. கடற்கரை கிடையாது, பெரிய கடைவீதி கிடையாது. தெருக்களோ ஏறினால் மூச்சு வாங்கும் செங்குத்து. அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

பெயரிலேயே பாதிக் கதை இருக்கிறது. ஓரோ பிரேத்தோ என்றால் போர்த்துகீசிய மொழியில் 'கறுப்புத் தங்கம்'. 17ம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மலை ஓடைகளில் கிடைத்த தங்கத் துகள்கள், மேலே வேறு தாதுக்கள் படிந்து கறுப்பாக இருந்தன. செய்தி பரவியதும் ஆட்கள் குவிந்தார்கள். 1711ல் 'விலா ரிக்கா', அதாவது பணக்கார ஊர், என்ற பெயரில் முறைப்படி நகரம் உருவானது. இப்போதைய பெயர் 1823ல்தான் வந்தது.

தங்கம் கிடைத்தால் பின்னாலேயே வரி வருமே! போர்த்துகல் அரசர் கேட்டது ஐந்தில் ஒரு பங்கு. தோண்டிய தங்கத்தை அரசாங்க உருக்காலைக்குக் கொண்டு போய், பங்கைக் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய கட்டியாக வாங்கிக் கொள்ள வேண்டும். மக்களும் சும்மா இருக்கவில்லை. உள்ளே குடைந்த மரச் சாமி சிலைகளில் தங்கத்தை ஒளித்துக் கடத்தினார்கள் என்று கதை உண்டு. இன்றும் பிரேசிலில் வெளிவேஷக்காரனை 'உள்ளீடற்ற மரத்துச் சாமியார்' என்றுதான் சொல்கிறார்கள்.

1750க்குப் பிறகு கணக்கு இன்னும் இறுகியது. வருடத்துக்கு 100 அரோபா, அதாவது கிட்டத்தட்ட 1,500 கிலோ தங்கம், மாநிலம் முழுவதும் சேர்ந்து கட்டியாக வேண்டும். குறைந்தால், குறைந்ததை எல்லோர் மீதும் சுமத்தி வசூலிக்கலாம். இதற்கு 'தெர்ராமா' என்று பெயர். சுரங்கம் வற்றினாலும் இலக்கு மட்டும் வற்றவில்லை. வருமானம் குறையக் குறைய பாக்கி ஏறிக்கொண்டே போனது. இப்படி ஒரு வரியை எந்தக் கணக்குப்பிள்ளை யோசித்தாரோ!

1789ல் தெர்ராமா வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, ஊரின் கவிஞர்கள், பாதிரியார்கள், ராணுவ அதிகாரிகள், பணக்காரர்கள் சிலர் சேர்ந்து சுதந்திர நாடு ஒன்றை அமைக்கச் சதி செய்தார்கள். அவர்களில் பலர் அரசுக் கஜானாவுக்குக் கடன் பாக்கி வைத்திருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. காட்டிக் கொடுத்த சில்வேரியோ தோஸ் ரெய்ஸும் பெரிய கடனாளிதான். தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்டார்கள். ஒருவர் மட்டும் தூக்கில் போடப்பட்டார். 'பல் பிடுங்குபவர்' என்ற பொருளில் திராதென்டிஸ் என்று அழைக்கப்பட்ட படை அதிகாரி அவர். 1792 ஏப்ரல் 21ல் ரியோவில் தூக்கிலிட்டு, உடலைத் துண்டாக்கி, தலையை இந்த ஊருக்குக் கொண்டு வந்து காட்சிக்கு வைத்தார்கள். இன்று ஊர் நடுவில் உள்ள சதுக்கத்துக்கு அவர் பெயர்தான். உயரமான தூண் மேல் சிலையும் இருக்கிறது. எதிரே இருந்த பழைய சிறைச்சாலை 1944ல் அந்தச் சதியின் பெயராலேயே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் 'காசா தோஸ் கொன்டோஸ்', கணக்கு வீடு. வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர் 1780களில் கட்டிய மாளிகை. அவரே அரசுக்குக் கட்ட வேண்டியதைக் கட்ட முடியாமல் போக, வீடு அரசிடம் போனது! மேலே விசாலமான அறைகள், பழைய நாணயங்கள். கீழ்த்தளத்துக்குப் போனால் அடிமைகளை அடைத்து வைத்த இடம். ஒரே கட்டடத்தில் அந்தக் காலத்து ஐந்தொகை முழுவதும் இருக்கிறது.

பெரும்பாலான பயணிகள் வருவது தேவாலயங்களுக்காக. பிலார் மாதா கோயிலின் உள்ளே பொன் பூசாத இடத்தைத் தேட வேண்டும். ஆனால் அழகு என்றால் 1766ல் தொடங்கிய புனித பிரான்சிஸ் கோயில்தான். அதை வடிவமைத்துச் செதுக்கிய அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா, போர்த்துகீசியக் கட்டடக் கலைஞருக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். நோயால் உடல் சிதைந்ததால் 'அலெய்ஷாதின்யோ', குட்டி ஊனர், என்ற பெயரே நிலைத்துவிட்டது. கையில் உளியைக் கட்டிக்கொண்டு மாக்கல்லைச் செதுக்கினார் என்பார்கள். உள்ளே கூரையில் அத்தாயிதே வரைந்த மாதா, வெள்ளைக்காரி அல்ல. அந்த ஊர்க் கலப்பினப் பெண்ணின் முகம்.

இத்தனை தங்கத்தையும் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கட்டிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். தங்கம் அரிக்கத் தெரிந்தவர்கள் என்பதாலேயே மேற்கு ஆப்பிரிக்கர்களுக்கு விலை அதிகம். ஷிக்கோ ரெய் என்ற ஆப்பிரிக்க அரசர் அடிமையாக வந்து, உழைத்துத் தன்னையும் தன் மக்களையும் விலைக்கு மீட்டார் என்று ஊரில் சொல்வார்கள். ஆதாரம் கிடையாது. அவர் பெயரில் உள்ள சுரங்கம் நிஜம். குனிந்துதான் போக முடியும். கோயிலை மட்டும் பார்த்துப் படம் எடுத்துத் திரும்புகிறவர்கள் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள்.

ஊர் எப்படி மாறாமல் இருந்தது? பணம் இல்லாததால்! 1897ல் மாநிலத் தலைநகர் பெலோ ஹொரிசொன்டேக்குப் போனது. அதிகாரிகளும் வியாபாரிகளும் கிளம்பிவிட, பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லை. 1933ல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. 1980ல் பிரேசிலிலேயே முதலாவதாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 1876ல் தொடங்கிய சுரங்கக் கல்லூரியும் பிறகு வந்த பல்கலைக்கழகமும் ஊரை உயிரோடு வைத்தன. 'ரெபுப்ளிக்கா' என்ற மாணவர் விடுதிகள் பழைய வீடுகளிலேயே நடக்கின்றன; கார்னிவல் நேரத்தில் தூங்க முடியாது. அமைதி வேண்டுபவர்கள் ஈஸ்டர் வாரத்தில் போகலாம். நம் மார்கழிக் கோலம் போல, தெரு முழுக்க வண்ண மரத்தூளால் கம்பளம் போடுவார்கள்.

மழைக்காலம் மட்டும் பயம். 2022 ஜனவரி 13ல் மலைச்சரிவு ஒன்று 19ம் நூற்றாண்டு மாளிகையைச் சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போனது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஊரே அப்படிப்பட்ட சரிவுகளின் மேல்தான் நிற்கிறது.

பெலோ ஹொரிசொன்டேயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், பஸ் உண்டு. திங்கட்கிழமை வேண்டாம், பெரும்பாலான கோயில்களும் அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். வழுக்காத செருப்பு முக்கியம்.