கிம்ப் பொறந்த கதையும் அத்தை பையன் போட்டோவும்

போன வாரம் சேலையூர்லேர்ந்து அத்தை போன். "டேய், இவன் பேங்க் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடறான்டா. போட்டோவ ஏத்துனா ஏறவே மாட்டேங்குது. இன்னிக்குதான் கடைசி நாளாம்." சாப்ட்வேர் எஞ்சினியர்னா மிக்ஸி கூட ரிப்பேர் பண்ணுவான்னு நம்ம வீடுகள்ல ஒரு நம்பிக்கை உண்டே :)

விஷயம் இதுதான். ஐபிபிஎஸ் கேக்கற போட்டோ 20லேர்ந்து 50 கேபி. பையன் செல்லுல எடுத்தது 4 எம்பி. இர்ஃபான்வியூவ இறக்கச் சொல்லி, போன்லயே வழி சொல்லி 38 கேபிக்குக் கொண்டு வந்தோம். உடனே தம்பி கேட்டான்: "அண்ணா, போட்டோஷாப் கிராக் இருக்கா?"

நம்ம ஊர்ல 'ப்ரீ'ன்னாலே ரிச்சி ஸ்ட்ரீட் சிடிதான். ஆனா நிஜமான ப்ரீக்கு நல்ல ஒரு சரித்திரம் இருக்குங்க.

1995ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ்னு ரெண்டு மாணவர்கள். கம்பைலர் ப்ராஜெக்ட் எழுதி வெறுத்துப்போய் அதைத் தூக்கிப் போட்டுட்டு (நாமளும் தூக்கிப் போட்டோம், ஆனா வேற எதையும் எழுதல!) படம் திருத்தற மென்பொருள் எழுத உக்காந்தாங்க. அதுதான் கிம்ப். 1996ல வெளிவந்தது, ஆனா ஒரு சிக்கல். பட்டன், மெனு வரையறதுக்கு அவங்க பயன்படுத்தின மோட்டிஃப் காசு குடுத்து வாங்க வேண்டிய சமாச்சாரம். மென்பொருள் இலவசம், அது நிக்கற தரை வாடகை! கடுப்பான மாட்டிஸ், ஜிடிகேன்னு சொந்தமா ஒண்ணு எழுதினார். 1997ல ஆரம்பிச்ச க்னோம் டெஸ்க்டாப்பே அதுமேலதான் எழும்புச்சு. லினக்ஸ் பென்குவினை 1996ல லாரி யூயிங் வரைஞ்சதும் கிம்ப்லதான்.

நம்ம பக்கமும் சும்மா இல்ல. தாம்பரத்துலேர்ந்து ட்ரெயின்ல ரெண்டு ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டை. அங்க எம்ஐடி வளாகத்துல இருக்கற ஏயூ-கேபிசி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் 2005ல கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்த ஆரம்பிச்சாங்க. பாஸ் லினக்ஸ் சி-டாக் பண்ணினது. எனக்கு ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப்புல விண்டோஸ் கூட அதுவும் இருந்துச்சு. ஒரு நாள் கூட திறக்கல, சினிமா பாக்கத்தான் லேப்டாப்.

அதுக்குப் பதிலா நான் போய் விழுந்தது பிகாசாவுல. 2004ல கூகிள் வாங்கி இலவசமா விட்டது, அருமையான மென்பொருள், பொய் சொல்ல மாட்டேன். தாத்தாவோட பழைய போட்டோ 200க்கு மேல ஸ்கேன் பண்ணி, வெட்டி, நிறம் சரி பண்ணி வச்சிருந்தேன். 2016ல நிறுத்திட்டாங்க. வேற மென்பொருள்ல திறந்தா எல்லாம் பழைய கோலத்துலயே இருக்கு! நாம பண்ற திருத்தத்தையெல்லாம் பிகாசா தனியா ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருக்கு, 'சேவ்' அமுக்கினாதான் படத்துல ஏறும். நான் அமுக்கவே இல்ல. தாத்தா அதுக்குள்ள போயிட்டார், யார் யார்னு கேட்டு மறுபடி உக்கார ஆளில்ல.

மூல நிரல் வெளியில இருந்தா யாராவது தொடருவாங்க. கிம்ப் அப்படித்தான் 2025ல 3.0 வரைக்கும் வந்திருக்கு. இர்ஃபான் ஸ்கில்யான் 1996லேர்ந்து தர்ற இர்ஃபான்வியூவும் வீட்டுக்குத்தான் இலவசம், ஆபீஸ்னா காசு. மூல நிரலும் கிடையாது. ஆனா கேபி குறைக்கறதுக்கு கிம்ப் திறக்கறது, கொசு அடிக்க ரோடு ரோலர்.

இதையெல்லாம் தம்பிகிட்ட விளக்கிட்டே இருந்தேன். "அண்ணா, கையெழுத்து 20 கேபிக்குள்ள கேக்குது, 23 வருது. மணி பதினொண்ணே முக்கால்"னான்.